கூடு புதுசு, கார் பழசு: இதில் எங்கே போலி?

"பாடியை மாத்திட்டீங்களா? அப்போ அது டூப்ளிகேட்டு சார்!"

பழைய கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்த வசனம் வராமல் இருக்காது. எஞ்சினை இறக்கி போர் பண்ணி புது பிஸ்டன் போடலாம், தப்பில்லை. கியர்பாக்ஸ் மாற்றலாம். சீட், கண்ணாடி, ஒயரிங், டயர் எல்லாமே புதுசு போடலாம். அதெல்லாம் "ரெஸ்டோரேஷன்". ஆனால் துருப்பிடித்து ஓட்டை விழுந்த கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அளவில் அதே வடிவில் புதிதாகச் செய்த கூட்டை வாங்கி வைத்தால் மட்டும் அது கள்ள நோட்டு மாதிரி ஆகிவிடுமாம். இந்தக் கருத்து முட்டாள்தனமானது. அதோடு நம்ம ஊர் சாதாரணக் கார்களைக் கொன்றுகொண்டும் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில், கார் விஷயம் தெரியாத நம்ம கிளாஸ் பசங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பாடி ஷெல் என்றால் கதவு, பானெட், டிக்கி, கண்ணாடி, எஞ்சின், சக்கரம் எல்லாம் கழற்றிய பிறகு மிஞ்சும் வெறுங்கூடு. இதில் இரண்டு ஜாதி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி காருக்கு அடியில் தனியாக ஒரு சேசிஸ் உண்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அம்பாசடர், ஃபியட் (பின்னால் பத்மினி) போன்றவை மோனோகாக் வகை. அதாவது தனி சேசிஸ் கிடையாது, தகரக் கூடுதான் எலும்பும் தோலும். நண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்டுக்கு உள்ளே எலும்பு கிடையாது, ஓடுதான் எல்லாம். (அந்த நண்டுகூட வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்கிறது. பிச்சாவரத்தில் யாரும் அதை டூப்ளிகேட் நண்டு என்று சொன்னதாகத் தெரியவில்லை :-) )

மோனோகாக் காரில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, அதாவது சில், உளுத்துப்போனால் காரின் முதுகெலும்பே போனதாக அர்த்தம். ஜாக்கி வைத்துத் தூக்கினால் கார் நடுவில் வளையும், மூடிய கதவு திறக்காது, திறந்த கதவு மூடாது. அந்தக் காலத்துத் தகரத்துக்கு இன்றைய கார்களைப் போல துத்தநாகப் பூச்சு கிடையாது. மூடிய பெட்டிக்குள் பெயின்ட்டும் சரியாகப் போகாது. தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால் உள்ளேயிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது என்று பொருள்.

இப்போது நம்ம ஊர் நிலைமையைப் பாருங்கள். கீரப்பாளையத்தில் நிற்கும் காருக்கு ஒரு பக்கம் வெள்ளாறு, வாய்க்கால், வயல், ஈரம். கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், உப்புக்காற்று. கடலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. 2015 கடைசியில் வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவி, சீட்டை வெயிலில் காயவைத்து, எஞ்சினைக் கூடச் சரிபண்ணிவிடலாம். சில்லுக்குள் புகுந்த சேற்றை யார் எடுப்பது? அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதே பரங்கிப்பேட்டையில்தான் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலம் பக்கத்துத் தாதுவைக் கொண்டுவந்து இரும்பு உருக்கும் ஆலை நடத்தினார் என்பது சரித்திரம். இரும்பு உருக்கிய ஊர்க்காற்றுதான் இப்போது இரும்பைத் தின்கிறது. என்ன பொருத்தம் பாருங்கள்.

சரி, துருப்பிடித்த கூட்டை "ஒரிஜினலாக" எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? டிங்கரிங் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, புதுத் தகரத்தை கேஸ் வெல்டிங்கில் வைத்து ஒட்டுவார்கள். பல சமயம் வெட்டக்கூட மாட்டார்கள், துருவின் மேலேயே ஒரு தகரத்தைப் போட்டு மூடுவார்கள். இரண்டு தகரத்துக்கும் நடுவில் ஈரம் சிக்கிக்கொண்டு மறுபடி அரிக்கும். மேலே பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் பளபளவென்று இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காரின் மேல் வைத்துப் பாருங்கள். பாதி இடத்தில் ஒட்டாது, நழுவி விழும். ஏனென்றால் அங்கே இரும்பே இல்லை, பட்டிதான் இருக்கிறது. அந்தக் காரை விற்கும்போது விளம்பரம் எப்படி வரும் தெரியுமா? "ஒரிஜினல் பாடி".

டிங்கரிங் மேஸ்திரிகளைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். சுத்தியலும் டாலியும் வைத்துக்கொண்டு தட்டையான தகரத்தில் மட்கார்டு வளைவைக் கொண்டுவரும் கை, நம் பாடப்புத்தகம் எழுதியவர்களுக்கு வராது. ஆனால் அவரிடம் நாம் கொடுக்கும் வேலை என்ன? பிணத்துக்கு மேக்கப். நல்ல புதுக்கூட்டைக் கொடுத்து "இதில் கதவு இடைவெளியைச் சரியாகக் கொண்டுவாங்க மேஸ்திரி" என்று சொல்லிப் பாருங்கள், அவர் திறமை எங்கே போகிறது என்று தெரியும்.

வெளிநாட்டில் இந்தப் பஞ்சாயத்து எப்போதோ ஒரு வழிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் எம்ஜிபி என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார், 1962-லிருந்து 1980 வரை சுமார் 5 லட்சம் செய்தார்கள். இங்கிலாந்து மழையிலும் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பிலும் அத்தனையும் சில்லு சில்லாக உளுத்துக்கொண்டிருந்தன. 1975-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், அந்தக் காரின் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-இல் எம்ஜிபியின் முழுக் கூட்டையே மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. கார் உற்பத்தி நின்று எட்டு வருஷம் கழித்து! அப்புறம் மிட்ஜெட், டிரையம்ஃப் டிஆர்6, மினி என்று வரிசையாக வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மறுபிறவிக் கூட்டை அடிப்படையாக வைத்தே ரோவர் கம்பெனி 1992-இல் எம்ஜி ஆர்வி8 என்று ஒரு புதுக் காரையே கொண்டுவந்தது. "டூப்ளிகேட்" கூட்டிலிருந்து ஒரிஜினல் கார் பிறந்தது. இதற்கு நம்ம ஊர் பண்டிதர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அங்கே அரசாங்கமும் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கட்டினால் அது பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு நீண்ட காலம் மதிப்பெண் முறை வைத்திருந்தார்கள். சேசிஸ் அல்லது மோனோகாக் கூட்டுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சிலுக்கு 2, கியர்பாக்ஸுக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 எடுத்தால் பாஸ். முக்கியமான விஷயம் இதுதான்: கூடு பழசாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதே அளவில் செய்த புதுக்கூடு, செய்தவரிடம் வாங்கியதற்கான ரசீதோடு இருந்தால் அதற்கும் அதே 5 மார்க். ரசீது, அவ்வளவுதான். மறைக்காதே, காட்டு, நம்பரை வைத்துக்கொள்.

நம்ம நாட்டில்?

2021 ஜூலை 15 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதுசாகச் சில விதிகளைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு, நம்பரில் "விஏ" என்ற எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று சில காரியங்களுக்கு மட்டும் எடுக்கலாம். இதெல்லாம் இருக்கட்டும். அதில் ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய அளவு ஓவர்ஹால் நடந்திருக்கக்கூடாது.

படித்துப் பார்த்தீர்களா? 50 வருஷம் ஓடிய காரில் பெரிய ஓவர்ஹால் நடந்திருக்கக்கூடாதாம். 50 வயதைத் தாண்டியவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போயிருக்கக்கூடாது என்று சொல்வது மாதிரி இல்லை? ஓவர்ஹால் பண்ணாத 50 வருஷத்து எஞ்சின் ஓடுமா என்று நம்ம வொர்க்‌ஷாப் அட்டெண்டரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

"மாற்றம்" என்றால் என்ன என்பதுதான் சிக்கல். ஹெரால்டின் கூரையை அறுத்து வேறு உருவம் கொடுத்தால் அது மாற்றம், ஒத்துக்கொள்கிறேன். உளுத்த கூட்டை எடுத்துவிட்டு அச்சு அசலான அதே கூட்டை வைப்பது மாற்றமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாறுதலைத்தான் அது மாற்றம் என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னதும், தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதைத்தான். அதே விவரக்குறிப்பில் செய்த கூடு அதற்கு மாறானது எப்படி ஆகும்? ஆனால் விண்டேஜ் விதியில் "பாடி ஷெல்" என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். இனி கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் படிக்கிறாரோ அப்படி. விளைவு என்ன? புதுக்கூடு போட்டேன், இதோ ரசீது என்று நேர்மையாகச் சொல்பவன் மாட்டுவான். பட்டி பூசி மறைத்தவன் "ஒரிஜினல்" என்று நம்பர் வாங்கிக்கொண்டு போவான். உண்மையைச் சொன்னால் நஷ்டம், பொய்யைச் சொன்னால் லாபம் என்று ஒரு விதி இருந்தால் ஊரில் எது பெருகும்?

இத்தனைக்கும் தமிழ்நாடு கூடு கட்டும் தொழிலுக்குப் பேர் போன மாநிலம். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டுகிறார்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸ் வரும், அதன் மேல் நம்மாட்கள் கட்டுவார்கள், ஆர்டிஓ ஆபீஸில் காட்டிப் பதிவு செய்வார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தனியார் பஸ்களைப் பார்த்து "இது கம்பெனி பாடி இல்லை, அதனால் டூப்ளிகேட் பஸ்" என்று யாராவது ஏறாமல் இருக்கிறீர்களா? மரப்பலகை உளுத்துப்போன லாரிக்குப் புதுப் பாடி கட்டினால் லாரியின் ஆர்சி புக் கிழிந்துவிடுகிறதா? பஸ் பாடிக்கென்று ஏஐஎஸ் 052 என்ற தரக்குறிப்பே இருக்கிறது, அதன்படி பாடி கட்டுபவருக்கு அங்கீகாரம் கொடுக்கும் முறையும் இருக்கிறது. ஆக, "வேறொருவர் கட்டிய கூடு" என்ற விஷயம் நம் சட்டத்துக்குப் புதுசே இல்லை. ஐம்பது பேர் உட்கார்ந்து போகும் பஸ்ஸுக்கு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போகும் ஹெரால்டுக்கு முடியவில்லை.

திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் எரிந்துபோய், பிறகு புதிதாகச் செய்யப்பட்டது. இன்று வடம் பிடிக்கும் கூட்டம் அதை ஆழித்தேர் என்றுதான் கும்பிடுகிறது. கோயிலில் பழுதானதை மாற்றிப் புதுப்பிப்பதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று முறையும் பேரும் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். நமக்குப் போய் வெள்ளைக்காரன் பாணியில் "ஒவ்வொரு பலகையாக மாற்றினால் அது பழைய கப்பல்தானா" என்று தத்துவம் பேசுகிறார்கள். நாம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் பல நூற்றாண்டு ஆகிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு காரின் பழைய தகரம், பழைய பெயின்ட், தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் எல்லாம் ஒரு ஆவணம். அது இருக்கும்போது சும்மா பளபளப்புக்காகத் தூக்கிப் போடுவது அநியாயம். சர்வதேசப் பழைய கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் முதலில் பாதுகாப்பு, பிறகுதான் புதுப்பித்தல் என்ற போக்கில்தான் பேசுகிறது. சரி. ஆனால் ஆவணம் கரையான் அரித்துத் தூளாகிவிட்ட பிறகு? அந்தத் தூளைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு "ஒரிஜினல்" என்று கும்பிடுவதா?

இன்னொரு நியாயம் திருட்டு பற்றியது, இதுதான் கனமானது. மோனோகாக் காரில் சேசிஸ் நம்பர் அந்தக் கூட்டிலேயேதான் அடித்திருக்கும். கூடு போனால் நம்பரும் போகும். யாரோ ஒருவன் காயலான் கடையில் ஒரு ஆர்சி புக்கை மட்டும் வாங்கி, எங்கேயோ திருடிய காருக்கு அந்த நம்பரைக் குத்தி "கூடு மாற்றினேன்" என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இந்த வேலை இப்போதே நடக்கத்தானே செய்கிறது? நம்பர் உள்ள தகரத்தை வெட்டியெடுத்து வேறு காரில் ஒட்டும் வித்தையெல்லாம் ரகசியத்தில்தான் வளரும். புதுக்கூட்டுக்கு அதைச் செய்தவரின் வரிசை எண் ஒன்று, பழைய சேசிஸ் நம்பர் ஒன்று, இரண்டையும் ஆர்சி புக்கில் ஏற்று. பழைய கூட்டை ஆர்டிஓ முன்னால் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல். திருடனிடம் ஒப்படைக்கப் பழைய கூடு இருக்காது, தொலைந்தான்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் தருவது வேறு. இந்த "ஒரிஜினல்" மதத்தால் யாருக்கு நஷ்டம்? மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அது குளிர்சாதன அறையில் நிற்கும், அதன் தகரம் துருப்பிடிக்க வாய்ப்பே இல்லை. பிடித்தாலும் கையாலேயே அலுமினியத்தில் புதுசாகத் தட்டி வாங்கப் பணம் இருக்கிறது, அதை யாரும் டூப்ளிகேட் என்று சொல்லவும் மாட்டார்கள். அழியப்போவது டாக்டரும் வாத்தியாரும் ரைஸ்மில்காரரும் ஓட்டிய வண்டிகள். தெருவில் நின்று, மழையில் நனைந்து, உப்புக்காற்றைக் குடித்த வண்டிகள்.

ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த கார், தமிழ்நாட்டுக் கார். இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவோடுதான் வந்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு 1968 வாக்கில் நம் மண்ணில் நமக்காகச் செய்தது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதனால் இங்கிலாந்திலிருந்து பாகம் வரவழைத்தாலும் முன்பக்கம் பொருந்தலாம், நடுவில் கதவும் கதவுத் தூணும் எங்கே வாங்குவது? நாம் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கார்கள் அத்தனையும் இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டன அல்லது தாண்டப்போகின்றன. அதாவது, விண்டேஜ் பதிவுக்குத் தகுதி வரும் அதே நேரத்தில் கூடு முடிந்துபோகும் கார்கள்.

பத்மினி உற்பத்தி 2000-ஐ ஒட்டி நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போனது, எல்லாப் பத்திரிகையும் கண்ணீர்க் கட்டுரை போட்டது. அம்பாசடரைச் செய்த உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதம் மூடப்பட்டது. 2017-இல் அம்பாசடர் என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு பெஜோ கம்பெனிக்குப் போனது. பெயருக்கு 80 கோடி! இத்தனை லட்சம் பேர் ஓட்டிய காரின் கூட்டை அதே அளவில் மறுபடி செய்து விற்க ஒரு ஏற்பாடு செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கண்ணீர்க் கட்டுரையால் சில் பேனல் செய்ய முடியாது.

விலை அதிகம் ஆகுமே என்பீர்கள். ஆகும். இங்கிலாந்தில் ஒரு எம்ஜிபி கூடு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். இங்கே முழுக்கூடு உடனே வேண்டாம். சில், ஃப்ளோர், வீல் ஆர்ச் என்று உளுக்கும் பகுதிகளை மட்டும் சரியான அளவில் அச்சடித்துக் கொடுத்தாலே பாதிக் கார் பிழைக்கும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சென்னையைச் சுற்றியும் தகரம் அழுத்தும் பிரஸ் உள்ள பட்டறைகளுக்குப் பஞ்சமா? ஆனால் "போட்டால் ஆர்சி சிக்கல், விற்கும்போது டூப்ளிகேட் பட்டம்" என்று இருக்கும் பொருளுக்கு எந்த முதலாளி அச்சு செய்வான்? அச்சு செய்ய ஆகும் செலவு அவ்வளவு லேசானதல்ல. விதியில் ஒரே ஒரு வரி போதும்: மூல அளவில் செய்த மாற்றுக்கூடு, ரசீதோடு, பதிவேட்டில் ஏற்றப்பட்டால் அது மாற்றமாகக் கருதப்படாது. அதுவரை மேஸ்திரி பட்டி குழைத்துக்கொண்டேதான் இருப்பார்.

டிஸ்கி: ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்கென்ன, பிலிப்பைன்ஸில் எம்.டி. ஹுவான் கம்பெனிக்காரர்கள் இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்புக்கே முழு பாடி செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். கடைசியாகச் சண்டைக்குப் போன வண்டிக்குப் புதுத்தகரம் கிடைக்கிறது, கீரப்பாளையத்துக்குக் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றி வந்த வண்டிக்குக் கிடைக்கவில்லை.